அச்சத்துணை

"விழுகலீங்க டாக்டரம்மா. நடந்து போனா," என்றார் சென்னியப்பன். இதோடு மூன்றாவது முறையாக அதையே சொல்கிறார்.

அவருடைய மகள் மதுரிகாவுக்கு ஐந்து வயது. மாவுக்கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, விழியளவியின் தாங்கியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் பாட்டு முடிந்ததும் மற்ற குழந்தைகளை ஆசிரியை பக்கவாட்டில் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கூட்டத்தைப் பார்த்து நேராக நடந்திருக்கிறாள். மேடையின் விளிம்பு வந்தது. நிற்கவில்லை, தடுமாறவும் இல்லை. அடுத்த அடியைக் காற்றில் வைத்தாள்.

"மூணாவது வரிசைல உக்காந்திருந்தேனுங்க. என்னையப் பாத்துச் சிரிச்சுட்டே வந்தா. கண்ணுல ஏதாச்சும் கோளாறோன்னு நெம்பப் பயமா இருக்குதுங்க."

தெய்வானை எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்தாள். விழியின் நீளம் இருபத்திரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர். அந்த வயதுக்கு இம்மி பிசகாத அளவு. தூரப் பார்வை, கிட்டப் பார்வை, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கும் பார்வை, எதிலும் குறை இல்லை.

"கண்ணு அருமையா இருக்குங்க. பாட்டுப் பாடுன சந்தோஷத்துல கவனிக்காம வந்திருப்பா," என்று சொல்லி விழிச்சான்றில் கையெழுத்துப் போட்டாள்.

சென்னியப்பன் காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் உடனே எழவில்லை.

"கவனிக்காம இல்லீங்க. குனிஞ்சு கீழ பாத்தா. பாத்துட்டுத்தான் காலை வெச்சா."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு தெய்வானையின் மனதில் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் வெளியே பத்தொன்பது குழந்தைகள் காத்திருந்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

நொய்யல் குழந்தைகள் விழி நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. அவள் சேர்ந்தபோது கோவையில் ஏழு வயதைத் தாண்டிய நாலு குழந்தைகளில் மூன்று பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். தொலைச்சுவர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

கிட்டத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்து வளரும் கண் நீண்டுபோகிறது. நீண்டுபோன கண்ணுக்குத் தூரம் மங்கிவிடுகிறது. முப்பது மாடிக் கட்டடத்தில் பிறந்து அங்கேயே வளரும் குழந்தைக்குப் பத்தடிக்கு அப்பால் பார்க்க என்ன இருக்கிறது? தொலைச்சுவர் அந்தப் பத்தடி அறைக்குள் மலைகளையும் வயல்களையும் கொண்டுவந்தது. அது காட்டுவது வெறும் படம் அல்ல. உண்மையான தூரத்திலிருந்து வருவதைப் போலவே ஒளிக்கதிர்கள் இணையாக வந்து விழும். கண் தானாகவே தளர்ந்து தூரத்துக்குப் பழகும். வெளிச்சமும் நல்ல வெயிலுக்குச் சமம். பிறகு யாரோ ஒரு பொறியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. தவழும் குழந்தை சுவரையா பார்க்கிறது, தரையைத்தானே பார்க்கிறது? அப்படித்தான் தரையும் தொலைவானது. இப்போதெல்லாம் தொலைச்சுவர் அறையில் குழந்தைகள் ஒரு பள்ளத்தாக்கின் மேல் தவழ்ந்தார்கள். காலுக்குக் கீழே ஐந்நூறு அடி ஆழத்தில் ஓடை ஓடும். கையை வைத்தால் வழவழவென்று கெட்டித் தரை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நிலையத்தைத் துப்புரவு செய்யும் அங்காத்தாள் உள்ளே வந்து நின்றாள்.

"ஏனுங் அம்மிணி, நம்ம மனு ஏதாச்சும் நகந்துச்சுங்களா?"

அவள் மகள் ராசாத்திக்கு ஆறு வயது. அம்மாவும் மகளுமாக வாரியக் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்தார்கள். ராசாத்திக்கு ஏற்கெனவே மைனஸ் இரண்டு. சுவர் வாங்க முடியாதவர்களுக்காக மாநகரம் இலவசமாகத் தரும் திட்டத்தில் மனுப் போட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தாள் அங்காத்தாள். தகுதிப் பட்டியல் தயாரிப்பது தெய்வானையின் வேலை.

"இந்த வருஷம் கட்டாயம் வந்துருமுங்க்கா. உங்க பேரு மேலதான் இருக்கு."

அங்காத்தாள் தலையாட்டினாள். போன வருடமும் இதே பதிலைத்தான் கேட்டிருந்தாள்.

*

பயம் என்றால் என்னவென்று தெய்வானைக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறாவது வயதில், பேருந்துக்குக் காத்திருந்தபோது, இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை மெல்ல இறங்கியது. அன்று அவள் கண்ணாடியின் எண் மைனஸ் பதினான்கு. அளவுக்கு மேல் நீண்ட விழியில் விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள். இரண்டு அறுவைசிகிச்சை செய்தும் இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக வலது கண்ணைத் திறந்து நாற்புறமும் சுழற்றித் திரை எங்காவது இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

அதனால்தான் வயிற்றில் பிள்ளை உண்டான மாதமே வீட்டின் பெரிய அறையில் தொலைச்சுவரும் தரையும் பதித்தாகிவிட்டது. பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவன் நாச்சிமுத்து முதல் ஒரு மாதம் அந்த அறைக்குள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் வாசலிலேயே "ஐயோ சாமி" என்று நின்றுவிடுவார்கள். மகள் பொன்னிக்கு அது பெரிய வேடிக்கை. ஐந்நூறு அடி ஆழத்தின் நடுவில் நின்று, குதித்துக் குதித்துக் காட்டி, பயப்படும் பெரியவர்களைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பாள்.

பொன்னிக்கு ஐந்து வயது. அவள் கண்ணில் ஒரு குறை கிடையாது. அப்படியும் தெய்வானைக்கு நிம்மதி வரவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், விழி நீளாமலிருக்க, கண்ணில் ஒரு சொட்டு மருந்து. "கண்ண மூடு" என்று அம்மா சொன்னால் போதும். பொன்னி எங்கே நின்றாலும் அப்படியே அசையாமல் நின்று, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொள்வாள். பல் முளைக்கும் முன்பே பழகிய பழக்கம்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவுக்கு அபூர்வமாக விடுமுறை கிடைத்தது. மூவரும் காரில் மலைப்பாதையில் ஏறினார்கள். பொன்னி மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் காட்சி பார்ப்பதற்கென்று ஒரு சிறிய இடம் இருந்தது. இடுப்பு உயரக் கல்சுவர். ஒரு பக்கம் கல் சரிந்து நாலடிக்கு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு தார் டிரம்களை வைத்துக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். நாச்சிமுத்து வண்டியை ஓரம்கட்டிக்கொண்டிருந்தான். தெய்வானை வேகவைத்த நிலக்கடலை விற்பவளிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பொன்னி கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போயிருந்தாள்.

கயிற்றுக்கும் விளிம்புக்கும் இடையில் ஆறேழு அடி சரளை மண். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கீழே, எங்கோ கீழே, பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கும் நூல் மாதிரி ஓர் ஓடையும் தெரிந்தன.

"அம்மா! இங்கயும் நம்ம ஊட்டுத் தரை!" என்று கத்தினாள் பொன்னி. முகமெல்லாம் சந்தோஷம்.

தெய்வானையின் கையிலிருந்து பொட்டலம் விழுந்தது. "பொன்னி! போகாதே, நில்லு! விழுந்துருவே!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

பொன்னி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டு வாசலில் நடுங்கும் உறவுக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள். பிறகு விளிம்பை நோக்கி இரண்டு அடி குதித்தாள். பார் என்பதுபோல இன்னொரு குதி.

தெய்வானை கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து மகளின் சட்டையைப் பிடிக்கப் போனாள். விரல்கள் வெறும் காற்றில் மூடிக்கொண்டன. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடுவதில்லை. ஒரு முழம் தள்ளியிருந்தாள் குழந்தை. தெய்வானை முழங்கால் உராய மண்ணில் விழுந்தாள். அவள் விழுந்ததைப் பார்த்துப் பொன்னிக்கு இன்னும் சிரிப்பு வந்தது. ஒரு காலைத் தூக்கினாள்.

அந்த நொடியில், கத்தினால் பலன் இல்லை என்று தெய்வானைக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்களின் பயம் இந்தக் குழந்தைக்கு ஒரு விளையாட்டு. வேறு எப்படிச் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. எங்கிருந்து வந்ததோ, வாயில் அந்தச் சொல் வந்தது. தினமும் காலையில் சொல்கிற அதே குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்.

"பொன்னி, கண்ண மூடு."

தூக்கிய கால் கீழே வந்தது. பொன்னி அசையாமல் நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாள். முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவளுடைய வலது செருப்பின் முன்பாதி விளிம்புக்கு வெளியே இருந்தது. அதன் கீழிருந்து ஒரு கைப்பிடி சரளை உதிர்ந்து போனது. அது விழுகிற சத்தம் கேட்கவே இல்லை.

தெய்வானை எழவில்லை. எழுந்து பாய்ந்தால் பிடி மறுபடியும் தப்பிவிடும் என்று பயந்தாள். வயிற்றால் ஊர்ந்தாள். தன் கண்ணை நம்பாமல் கையைத் தரையோடு தரையாகத் தடவிக்கொண்டே போனாள். கல், மண், புல், கல். ஒரு கணுக்கால். அதைப் பிடித்தாள். பிடித்ததும் இரண்டு கையாலும் இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரும்வரை பிடியைத் தளர்த்தவே இல்லை.

நாச்சிமுத்து ஓடிவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்தான்.

பொன்னி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"மருந்து எங்கம்மா?" என்று கேட்டாள்.

*

மறுநாள் காலை தெய்வானை நிலையத்தின் கிடங்கறையிலிருந்து பழைய ஆழமேசையை வெளியே எடுக்கச் சொன்னாள். ஆறடி நீளக் கண்ணாடி மேசை அது. ஒரு பாதியில் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி இருக்கும். மறுபாதியில் அதே துணி நாலடி கீழே தரையில் கிடக்கும். அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளைக்கூட அதில் விட்டுப் பார்ப்பார்களாம். துணி கீழே இறங்கும் இடம் வந்ததும் குழந்தை தானாக நின்றுவிடும். தாய் எதிர்முனையில் நின்று கூப்பிட்டாலும் வராது, அழும்.

அன்று சோதனைக்கு வந்த, சுவர் உள்ள வீட்டுக் குழந்தைகள் இருபத்தாறு பேரையும் மேசையில் ஏற்றினாள். ஒரு குழந்தைகூட நிற்கவில்லை. குனிந்து பார்த்தார்கள், ஆழம் இருப்பதைத் தெளிவாகச் சொன்னார்கள், நடந்தார்கள். மதுரிகாவையும் வரவழைத்தாள். மாவுக்கட்டுக் கையோடு அவளும் நடந்தாள். சென்னியப்பன் சுவரோடு சாய்ந்து நின்று அதைப் பார்த்தார். தெய்வானையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூடவே அழைத்து வந்திருந்த பொன்னி ஓடியே கடந்தாள்.

"என்னங்க இது, கண்ணாடி மேல ஏத்தி விட்டுட்டு?" என்று அங்காத்தாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். அவள் பின்னால், பெரிய கண்ணாடி மூக்கில் வழிந்துகொண்டிருக்க, ராசாத்தி. பள்ளி விடுமுறை என்று அம்மாவோடு வந்திருந்தாள்.

தெய்வானை ஒரு யோசனையோடு ராசாத்தியைத் தூக்கி மேசையில் விட்டாள். நாலு எட்டு நடந்தாள். துணி கீழே இறங்கும் இடம் வந்தது. ராசாத்தி சடக்கென்று குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். மேசையின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மோவ்! பள்ளம்! எனக்குப் பயமா இருக்குது, எறக்கி உடுங்கோ!"

அவள் வாய்விட்டு அழுதாள். உதடு வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பு முழுவதும் நடுங்கியது. அங்காத்தாள் பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

பொன்னி வாயைத் திறந்தபடி ராசாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உயரத்தில் இருக்கிற ஒரு குழந்தை, தன்னைப் போலவே இரட்டை ஜடை போட்ட ஒரு குழந்தை பயப்படுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மேசையைப் பார்த்தாள். மறுபடியும் ராசாத்தியைப் பார்த்தாள்.

"நீ போ பார்க்கலாம்," என்று தெய்வானை மெதுவாக மகளை மேசையில் ஏற்றிவிட்டாள்.

பொன்னி நடந்தாள். விளிம்புக்கு வந்தாள். ஒரு காலை நீட்டி, எடுத்துக்கொண்டாள். கட்டை விரலால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் போகவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தபோது அவள் கண்ணில் தெய்வானை இதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது.

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் பொன்னி.

தெய்வானை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

*

நிலையத்தின் இயக்குநர் அருணகிரி ஐம்பத்தைந்து வயதுக்காரர். தொலைச்சுவரை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே அவர்தான். தெய்வானை சொன்னதை முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஊர்ல எத்தனை மொட்டை மாடி இருக்கு தெய்வானை? எத்தனை பால்கனி, எத்தனை கிணறு?"

"சுவரை நிறுத்திரலாம் சார்."

"போன வருஷம் பன்னெண்டு வீட்டுல நிறுத்திப் பாத்தோமே, மறந்துட்டியா? தூரத்துக்குப் பழகின கண்ணு திடீர்னு பத்தடி அறைல மாட்டினா ரெண்டு மடங்கு வேகமா நீளுது. ஆறே மாசத்துல மைனஸ் ஒண்ணரை. எந்தப் பெத்தவங்க ஒத்துக்குவாங்க? நீ ஒத்துக்குவியா?"

இடது கண்ணின் இருட்டு அவளோடு எப்போதும் இருந்தது.

"அப்ப வேற வழி?" என்றார்.

தெய்வானை அந்த வழியைக் கொண்டுவந்திருந்தாள். பயத்தைப் பெரியவர்கள் கற்றுத்தர முடியாது. இன்னொரு குழந்தையால் முடியும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு மழலையர் பள்ளியிலும் ஆழமேசையைப் போட்டு, பயம் அறிந்த ஒரு குழந்தையை முதலில் ஏற்ற வேண்டும். மற்ற குழந்தைகள் பார்க்க வேண்டும். பார்த்தால் போதும். அவர்களும் நின்றுவிடுவார்கள். ஆனால் சுவர் உள்ள வீட்டுக்குத் திரும்பிப் போனால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் பயம் கரைந்துவிடும்; பொன்னியிடமே அதைக் கண்டிருந்தாள். திரும்பவும் காட்ட வேண்டும்.

இரவு பகலாக உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். பயம் காட்டும் அந்தக் குழந்தைக்கு 'அச்சத்துணை' என்று பெயர் வைத்தாள். துணையாக யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதி எழுதினாள்: தொலைச்சுவர் அறையில் ஒருநாளும் வசிக்காத குழந்தையாக இருக்க வேண்டும்.

இரண்டே வாரத்தில் மாநகரம் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குள் ஊரில் மூன்று குழந்தைகள் மாடியிலிருந்து நடந்து போயிருந்தார்கள். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அதன் பெயரை அருணகிரி சொன்னபோது தெய்வானை தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். போன மாதம்தான் அதற்கு விழிச்சான்று கொடுத்திருந்தாள்.

முதல் அச்சத்துணை ராசாத்தி. அங்காத்தாளுக்கு அதில் பெருமைதான். "என்ற புள்ளைய வேன்ல வந்து கூட்டிட்டுப் போறாங்க. பெரிய பெரிய பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போறா," என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். வாரியக் குடியிருப்பிலிருந்தும் லைன் வீடுகளிலிருந்தும் இன்னும் நாற்பது குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாம் கண்ணாடி போட்ட குழந்தைகள். பள்ளி பள்ளியாகப் போய் மேசை மேல் ஏறி நின்று அழுதார்கள். பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் நின்றார்கள், தயங்கினார்கள், பின்வாங்கினார்கள். மாடியிலிருந்து யாரும் அதன்பிறகு நடந்து போகவில்லை.

பொன்னி படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாச்சிமுத்து அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவான். தெய்வானைக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பித்தது.

*

ஆறு மாதம் கழித்து ராசாத்தியின் கண்ணை அளக்கும் முறை வந்தது.

மைனஸ் மூன்று புள்ளி ஏழு ஐந்து.

தெய்வானை இரண்டாவது முறை அளந்தாள். விழியளவி அதே எண்ணைக் காட்டியது. பொன்னியின் வயதில் தனக்கு என்ன எண் இருந்தது, ராசாத்தியின் வயதில் என்ன இருந்தது என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. இந்தக் கண் இருபத்தாறு வயதுவரைகூடத் தாங்காது.

"எத்தனைங்க அம்மிணி?" என்று அங்காத்தாள் கேட்டாள்.

"கொஞ்சம் கூடியிருக்குங்க்கா. கண்ணாடி மாத்தணும். உங்க சுவர் மனுவை நான் இன்னிக்கே பேசி முடிக்கறேன்."

"அதத்தான் கேக்கலாம்னு வந்தேனுங்க. நேத்து ஒரு கடுதாசி வந்துச்சு." அங்காத்தாள் முந்தானை முடிச்சிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். இலவசத் தொலைச்சுவர்த் திட்டம் மறு உத்தரவு வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

தெய்வானை நேராக அருணகிரியின் அறைக்குப் போனாள். அவர் எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

"உக்காரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாற்பது துணை போதலை. இருநூறு வேணும்னு கேக்கறாங்க. எல்லாக் குழந்தைக்கும் சுவரைக் குடுத்துட்டா பயம் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு எங்க போறது?"

"அதுக்காக அந்தப் பிள்ளைங்க கண்ணைக் கெடுக்கறதா சார்?"

"நாம கெடுக்கலை. சுவர் குடுக்கலை, அவ்வளவுதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "விதியை எழுதினது நீதானே தெய்வானை."

அவள் திரும்பி வந்தாள். அங்காத்தாள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தெய்வானை விஷயத்தைச் சொன்னாள், ஒளிக்காமல். அங்காத்தாள் கோபப்படவில்லை. மகளின் ஜடையை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினாள். அதை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங், உங்க பாப்பாவுக்கு இப்பப் பயம் வந்துருச்சில்லீங்க? உங்க ஊட்டுச் சுவத்தை எடுத்துட்டா அந்தப் பயம் அதுவா நின்னுக்குமில்லீங்க? அப்பொறம் இவ எதுக்குங்க?"

உண்மைதான். சுவர் இல்லாவிட்டால் பொன்னியின் பயம் கரையாது. துணையே வேண்டாம். எந்தக் குழந்தைக்குமே வேண்டாம். தெய்வானைக்கு அது முதல் நாளே தெரியும். அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் அவள் அதை எழுதவில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். பொன்னியின் விழி நீளுவதை, மைனஸ் ஒண்ணரை, மூன்று, ஆறு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண், கண்ணின் ஓரத்தில் இறங்கும் திரை, இவற்றையெல்லாம் ஒரே நொடியில் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அங்காத்தாள் மகளின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டாள்.

"சும்மா கேட்டேனுங்க," என்றாள்.

வெளியே வேன் ஒலி எழுப்பியது. உள்ளே ஆறேழு குழந்தைகள் கண்ணாடி போட்ட முகங்களைச் சன்னலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் படிவத்தை நீட்டினான். 'இக்குழந்தை தொலைச்சுவர் அறையில் வசித்ததில்லை, வசிக்கவும் இல்லை' என்று அச்சடித்திருந்ததன் கீழே மருத்துவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தெய்வானை நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ராசாத்தி வேனில் ஏறினாள். படி உயரமாக இருந்ததால் ஒரு கணம் தயங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தெய்வானை அறைக்குத் திரும்பி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

வந்தவள் ஒரு இளம் தாய், கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையைச் சோதனை நாற்காலியில் உட்கார வைக்கத் தூக்கினாள். அது காலை உதறிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"ம்ஹூம், வேண்டாம், ஒசரமா இருக்குது, பயமா இருக்குது!"

"பாத்தீங்களா டாக்டரம்மா, பாத்தீங்களா!" என்றாள் அந்தத் தாய். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பயப்படறாளுங்க! ஒரு வாரமா இப்படித்தான். கட்டில்ல இருந்துகூட எறங்க மாட்டேங்கறா. அந்தக் கண்ணாடி போட்ட பாப்பா வந்துட்டுப் போன பொறகுதானுங்க. அது பேருகூட எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரமும் அதையே அனுப்பி உடுவீங்கல்லங்க?"

தெய்வானை குழந்தையின் முகத்தை விழியளவியின் முன்னால் கொண்டுவந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு புள்ளி ஒன்று மில்லிமீட்டர்.

"அனுப்பறேனுங்க," என்றாள்.